அடைப்பு எடுப்பவர்

துபாயில், அல் குசைஸ் ரவுண்டானாவின் விளிம்பில் காரின் இரண்டு சக்கரங்களை ஏற்றி நிறுத்திவிட்டு, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு, பெட்டூனியாச் செடிகளுக்கு நடுவே குந்தியிருக்கிறார் ரகுநாதன். சாவிக்கொத்தில் ஒரு ஊக்கு தொங்குகிறது. அதை நிமிர்த்தி, கறுப்புக் குழாயின் சொட்டுவாயில் விட்டு மெல்லத் திருகுகிறார். உப்புப் பொருக்கு ஒன்று உதிர்கிறது. ஒரு சொட்டு எட்டிப் பார்க்கிறது. யோசிக்கிறது. விழுகிறது. பின்னால் நிற்கும் வண்டிகளெல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்கின்றன. ரகுநாதன் சொட்டைப் பார்த்து, "வந்துட்டியா ராஜா" என்கிறார்.

அந்த ரவுண்டானா அவருடைய கம்பெனியின் பொறுப்பில் இருப்பது அல்ல. போட்டிக் கம்பெனியின் காண்டிராக்ட். செடி வாடினால் அடுத்த டெண்டர் இவர்களுக்கே வரக்கூடும் என்று மேனேஜிங் டைரக்டர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். "தண்ணிக்கு எந்தக் கம்பெனின்னு தெரியாது சார்" என்று சொல்லிவிட்டார் ரகுநாதன்.

சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்கு மாமியார் ஆகாது. ரகுநாதனுக்கு அடைப்பு ஆகாது. ஓடவேண்டிய தண்ணீர் ஓரிடத்தில் நிற்பதைப் பார்த்தால் அவருக்கு மூச்சு முட்டும். ஹோட்டல் வாஷ்பேசினில் கை கழுவப் போனவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அரைமணி கழித்து வெளியே வருவார். துபாய்த் தமிழர்களிடையே இந்தச் செய்தி பரவி வெகுகாலமாகிறது. கராமாவிலிருந்து பன்னீர்செல்வம் போன் செய்து, "ரகு சார், வெள்ளிக்கிழமை குடும்பத்தோட சாப்பிட வாங்களேன்" என்று அழைத்தால், ரகுநாதன் போனை வைத்ததும் மனைவி ஷியாமளா ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்.

"கிச்சனா, பாத்ரூமா?"

திருச்சிக்காரர். கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவர். பாலைவனத்தில் பூ பூக்க வைக்கும் ஒரு லேண்ட்ஸ்கேப் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் ஃப்ரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, இடது கையால் வலது காதையும் வலது கையால் இடது காதையும் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடுவார். முழங்கால் சொடக்கு விடும். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சம்யுக்தா, தோழிகள் யாராவது வீட்டுக்கு வந்திருந்தால், "இட்ஸ் ஹிஸ் எக்சர்சைஸ்" என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள். தோழிகள் போனபிறகு அப்பாவிடம் கேட்பாள்: "தினமும் என்னப்பா தப்பு பண்றீங்க, டெய்லி சாரி கேக்க?"

"அட்வான்ஸா கேட்டு வச்சுக்கறேன்" என்பார்.

அவர் கம்பெனியின் நர்சரி ஊருக்கு வெளியே, ஒட்டகங்கள் சாலையைக் கடக்கும் இடத்தில் இருக்கிறது. நிழல்வலைக் கூடாரங்களுக்குள் பெட்டூனியாக் கன்றுகள் தட்டுத் தட்டாக நிற்கும். அங்கே ஃபோர்மேன் மரியராஜ், முட்டத்துக்காரர். கடலைப் பார்த்தே வளர்ந்தவர், கடல் பக்கத்திலேயே இருந்தும் பார்க்க நேரமில்லாத ஊரில் வந்து செடி வளர்க்கிறார். நர்சரியில் ஏதாவது தவறு நடந்தால் ரகுநாதன் எல்லோரையும் வரிசையில் நிற்க வைப்பார். வால்வை யார் திறந்து போட்டது, உரத்தை யார் இரண்டுமுறை கொட்டியது என்றெல்லாம் விசாரிக்கமாட்டார். "செஞ்சவன் ஒரு அடி முன்னாடி வா" என்பார், தமிழில் ஒருதரம், இந்தியில் ஒருதரம். முன்னால் வந்தவனுக்குத் தண்டனை கிடையாது. கையோடு அழைத்துப்போய் டீ வாங்கிக் கொடுப்பார். "தப்பு பண்றதுல ஒண்ணுமில்லப்பா. பண்ணிட்டு வரிசையோட வரிசையா நிக்கிறான் பாரு, அவன்தான் ஆபத்து" என்று டீக்கடை வாசலில் ஒரு சின்னச் சொற்பொழிவும் உண்டு.

மரியராஜுக்கு இதில் ஒரு கிண்டல். "சாரே, இது எங்க மாதா கோயில்ல பாவசங்கீர்த்தனம் கேக்குத மாதிரிதான் கெடக்கு. அங்க சாமியாரு டீ தரமாட்டாரு, அம்புட்டுதான் வித்தியாசம்."

போன செப்டம்பர் வரைக்கும் ரகுநாதன் இப்படித்தான் இருந்தார்.

பாலைவன மணலுக்கு மறதி அதிகம். காலையில் ஊற்றிய தண்ணீரை மத்தியானம் கேட்டால், எந்தத் தண்ணீர் என்று கேட்கும். அதற்கு ஞாபகசக்தி வரவேண்டுமானால் பீட் மாஸ் கலக்கவேண்டும். பழுப்பாய், பஞ்சாய், தேயிலைத் தூள்போல இருக்கும். ஒரு கைப்பிடி அள்ளி நனைத்துப் பிழிந்தால், எவ்வளவு பிழிந்தாலும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வைத்திருக்கும். இது வருவது லாத்வியாவிலிருந்து. பால்டிக் கடலோரத்துக் குளிர்நாடு. அங்கே சில சதுப்புகளுக்கு ஆறும் கிடையாது, ஊற்றும் கிடையாது. மழையை மட்டுமே குடித்து வாழ்கின்றன. பாசி சாகும். தண்ணீருக்குள்ளேயே கிடப்பதால் மட்காது. அதன்மேல் புதுப்பாசி முளைக்கும், அதுவும் சாகும். இப்படிச் செத்துச் செத்தே சுற்றியிருக்கும் தரையைவிட உயரமாக மேடுகட்டி நிற்கும். ஒரு மனிதன் பிறந்து கிழவனாகிச் சாகும்வரை அது வளர்வது ஒரு சாண் உயரம்கூட இருக்காது.

சோழர் காலத்தில் செத்த அந்தப் பாசியை வெட்டி, காயவைத்து, மூட்டை கட்டி, கப்பலேற்றி, நாம் இங்கே நவம்பரில் பெட்டூனியாவுக்கு மெத்தை போடுகிறோம். மே மாத வெயிலில் பெட்டூனியா சாகும். அடுத்த பருவத்துக்குப் புதுச்செடி, புது மெத்தை. பழையது குப்பை லாரியில் போகும். அந்த லாரியிலும் பச்சை வண்ணத்தில் ஒரு இலை வரைந்திருக்கிறது.

அந்த வெட்டும் கம்பெனி, போன செப்டம்பரில், வாடிக்கையாளர்களைச் சதுப்பைப் பார்க்க அழைத்தது. ஐரோப்பாவில் சிலர் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்தார்கள் போலிருக்கிறது. ஒரு பக்கம் வெட்டிக்கொண்டே, வெட்டி முடித்த இன்னொரு பக்கத்தைப் பழையபடி சதுப்பாக்கும் வேலையையும் கம்பெனி ஆரம்பித்திருந்தது. ஒரு கையால் கிள்ளி, மறுகையால் தைலம் தடவும் ஏற்பாடு. தைலத்துக்குப் பொறுப்பு இல்ஸே என்ற பெண். நாற்பது வயதிருக்கும், குறைவாகப் பேசுவாள், வேகமாக நடப்பாள். ரகுநாதன் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போனார். அந்த மொழியில் ஒரே ஒரு சொல் கற்றுக்கொண்டார்: பல்தியெஸ். நன்றி என்று அர்த்தம். கதவு திறந்துவிட்டவர், காபி கொடுத்தவர், வழிவிட்ட நாய் எல்லோருக்கும் பல்தியெஸ் சொன்னார்.

காலையில் வெட்டும் பக்கத்தைக் காட்டினார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்புத் தரை. நடுநடுவே நேர்கோட்டில் வடிகால் வாய்க்கால்கள். தண்ணீர் வடிந்தால்தான் பாசி காயும், காய்ந்தால்தான் சரக்கு என்று கம்பெனியின் டைரக்டர் விளக்கினார். எந்த வாய்க்காலிலும் ஒரு குச்சிகூடக் கிடையாது. ரகுநாதனுக்குக் கண்கள் பனித்தன.

சாப்பாட்டு இடைவேளையில் மற்றவர்கள் கொட்டகையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். இவர் ஒன்றுக்குப் போவதற்காகக் குட்டைப் பைன் மரங்களைத் தாண்டிப் போனார். அங்கே ஒரு வாய்க்கால், காலையில் பார்த்தவற்றின் உடன்பிறப்பு. ஆனால் குறுக்கே பலகைகள் செருகியிருந்தன. பலகைகளுக்கு இடையில் யாரோ பாசிக்கட்டிகளை அடைத்து மிதித்திருந்தார்கள். பின்னால் தண்ணீர் கறுப்பாக, குளமாக, அசையாமல் நின்றது. மேலே வெளிர்பச்சையில் ஏதோ மிதந்தது.

கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். அடுத்த வருஷச் சரக்கு ஊறுகிறதே என்றும் நினைத்தார். பக்கத்தில் ஒரு மண்வெட்டி வேறு சாய்ந்திருந்தது. ரகுநாதனுக்கு இதற்குமேல் ஒரு அழைப்பிதழ் வேண்டுமா?

பாசிக்கட்டிகளை வெட்டி எடுத்தார். பலகைகளை ஆட்டி ஆட்டி ஒவ்வொன்றாக உருவினார். முதலில் ஒரு கசிவு. பிறகு ஒரு கொப்புளிப்பு. பிறகு, திருச்சியில் மதகு திறந்ததுபோல, நல்ல சத்தம். "வந்துட்டியா ராஜா" என்றார். கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்கு வந்து, சந்தர்ப்பம் வரும்போது அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ரொட்டியில் வெண்ணெய் தடவினார்.

சாப்பிட்டுச் சற்று ஓய்ந்தபிறகு, மறுபக்கம் காட்ட இல்ஸே எல்லோரையும் அழைத்துப்போனாள். போகும் வழியிலேயே சொல்லிக்கொண்டு போனாள். சதுப்புக்குத் தண்ணீர் நிற்பதுதான் உயிர். வடிந்தால் பாசி செத்துவிடும். அதனால் பழைய வடிகால்களைப் பலகை வைத்து அடைக்கிறோம். நிறைய இடங்களில் முயன்றோம், ஒரே ஓர் இடத்தில்தான் புதுப்பாசி பிடித்து மிதக்கத் தொடங்கியிருக்கிறது. அதைத்தான் பார்க்கப் போகிறீர்கள். பைன் மரங்கள் நெருங்க நெருங்க ரகுநாதனின் நடை பின்தங்கியது.

குளம் இருந்த இடத்தில் கறுப்புச் சேறு இருந்தது. வெளிர்பச்சைப் பாசி அதன்மேல் ஈரத் தலைமுடிபோலப் படிந்து கிடந்தது. இல்ஸே குனிந்து ஒரு பலகையை எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாததுபோலக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

வால்டிஸ் என்ற கிழவரைக் கூப்பிட்டார்கள். பள்ளம் தோண்டும் இயந்திரத்தை ஓட்டுபவர். இந்த அடைப்பைப் போட்டதே அவர்தான். ஆனால் நல்ல சரக்கைத் தண்ணீரில் மூழ்கடிப்பது பாவம் என்று முதல்நாளிலிருந்தே முணுமுணுத்து வந்தவர். மண்வெட்டியும் அவருடையது. டைரக்டர் வாடிக்கையாளர்கள் முன்னால் அவரை அவர்கள் மொழியில் திட்டினார். திட்டுக்கு அகராதி தேவையில்லை. கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு நின்றிருந்த ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

செஞ்சவன் ஒரு அடி முன்னாடி வா.

யாரும் சொல்லவில்லை. ரகுநாதனுக்குத்தான் கேட்டது, அவருடைய குரலிலேயே. அவர் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நகக்கண்களில் கறுப்பு இருந்தது. கால் நகரவில்லை. சேறு பிடித்துக்கொண்டது என்று பின்னால் பல நாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அந்த இடத்தில் பார்வையாளர்களுக்காகப் பலகைப் பாதை போட்டிருந்தார்கள்.

கிளம்புமுன் எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்தார்கள். 'சதுப்பைக் காக்கிறோம்' என்று எழுதிய பலகையை மற்றவர்கள் ஆளுக்கொரு கை பிடித்திருக்கிறார்கள். ரகுநாதனின் கைகள் மட்டும் பைக்குள் இருக்கின்றன. அந்தப் படம் இப்போது துபாய் அலுவலக வரவேற்பறையில் சட்டம்போட்டுத் தொங்குகிறது. அதைக் காட்டி ஒரு டெண்டரும் கிடைத்துவிட்டது. மேனேஜிங் டைரக்டர் வருகிறவர்களிடமெல்லாம், "நம்ம ரகு அங்கேயே போய்ப் பாடுபட்டவர்" என்று அறிமுகப்படுத்துகிறார். ரகுநாதன் இப்போதெல்லாம் பின்வாசல் வழியாக ஆபீசுக்குப் போகிறார். பின்வாசலில் பார்க்கிங் சுலபமாம்.

வித்தியாசத்தை முதலில் கண்டுபிடித்தது ஷியாமளாதான். வீட்டுச் சிங்க்கில் தண்ணீர் தேங்கியது. ஒருநாள் பார்த்தாள், மறுநாளும் பார்த்தாள். ரகுநாதன் அதன் பக்கத்திலேயே நின்று காபி குடித்தார். கடைசியில் பிளம்பர் வந்து எடுத்துவிட்டுப் போனான். ஷியாமளா டாக்டரிடம் காட்டலாமா என்று கேட்டாள். சர்க்கரை கூடினால்கூட இப்படி ஆகுமாம், யாரோ சொன்னார்கள்.

அடுத்தது நர்சரி. யாரோ வால்வை மூடாமல் போய்விட, ஒரு கூடாரம் முழுக்கக் கன்றுகள் தண்ணீரில் மிதந்தன. ஆட்கள் தாங்களாகவே வரிசையில் வந்து நின்றார்கள். முன்னால் வரவேண்டிய பையன் டீயை எதிர்பார்த்து ஏற்கெனவே அரை அடி முன்னால்தான் நின்றிருந்தான். ரகுநாதன் வரிசையை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பரவால்ல. எல்லாரும் போங்க. வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மரியராஜ் கண்ணாடியைத் தட்டினார். "சாரே, என்ன ஆச்சு உங்களுக்கு? லாத்வியாவுக்குப் போனவரு முழுசாத் திரும்பி வந்தியளா, பாதியை அங்கேயே விட்டுட்டு வந்தியளா?"

"ஒண்ணுமில்ல மரியராஜ். வயசாகுது."

"வயசானா கோவம்லா கூடும். உங்களுக்குக் கொறையுது. அதுதான் பயமாக் கெடக்கு."

சம்யுக்தா கவனித்தது வேறு. பிள்ளையார் முன்னால் அப்பாவின் எக்சர்சைஸ் நீண்டுகொண்டே போனது. ஸ்கூல் பஸ் வந்து போகும், இவர் போட்டுக்கொண்டே இருப்பார். அவளுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அவள் அப்போது சுற்றுச்சூழல் ப்ராஜெக்டில் மும்முரமாக இருந்தாள். தலைப்பு, சதுப்பு நிலங்கள். முகப்பில் அப்பாவின் படம், கீழே 'மை டாட், பாக் ஹீரோ' என்று பச்சை மையில் எழுத்து; பாக் என்றால் ஆங்கிலத்தில் சதுப்பு. பள்ளியில் முதல் பரிசு. ரகுநாதன் அதைப் பார்த்துவிட்டு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

இந்த நிலையில்தான், துபாயில் நடந்த தோட்டக்கலைக் கண்காட்சிக்கு இல்ஸே வந்தாள். ஹோட்டல் சாப்பாடு அலுத்துவிட்டது, ஒரு வீட்டுச் சாப்பாடு கிடைக்குமா என்று அவளே கேட்டாள். அவர் முடியாது என்று சொல்ல ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கும்போதே ஷியாமளா வடைக்கு உளுந்து ஊறப்போட்டுவிட்டாள்.

வந்தவள் கையில் ஒரு ஜாடி இருந்தது. சதுப்பில் விளையும் ஒருவகைச் சிவப்புப் பழத்தில் செய்த ஜாம். ஷியாமளா ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "நம்ம நெல்லிக்காயும் புளியும் சேர்ந்த மாதிரி இருக்கு" என்றாள். யார் செய்தது என்று சம்யுக்தா ஆங்கிலத்தில் கேட்டாள்.

வால்டிஸின் மனைவி செய்தது என்றாள் இல்ஸே. பிறகு கதை முழுவதையும் சொன்னாள். அம்மாவுக்குப் புரியாத இடங்களில் மகள் தமிழ்ப்படுத்தினாள். வால்டிஸ் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லையாம். கம்பெனி வேலையைவிட்டு அனுப்பவும் இல்லையாம். அவர்தான் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, என்னை நம்பாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று போய்விட்டாராம். இப்போது சாலையோரத்தில் காளான் விற்கிறார். ஊரில் சிலர் அவரிடம் வாங்குவதில்லை. "எனக்கும் அவர்தான் செய்தார் என்றுதான் தோன்றியது. இப்போது இரவில் படுத்தால் அவ்வளவு நிச்சயமாக இல்லை" என்றாள் இல்ஸே. அதனால்தான் அவர் மனைவியிடம் ஜாம் வாங்குகிறாளாம். இதுவரை ஒரு அலமாரி நிறைந்துவிட்டதாம்.

ரகுநாதன் வடையைப் பிட்டார். பிட்டதை மறுபடி பிட்டார்.

சம்யுக்தாவுக்கு விருந்தாளியைச் சிரிக்கவைக்க ஆசை. எழுந்துபோய் வாசலில் மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்துவந்து, ஊக்கைப் பிரித்துக் காட்டினாள். ரோட்டோரத்துச் சொட்டுக்குழாய், ஹோட்டல் வாஷ்பேசின், கராமா வீட்டுப் பாத்ரூம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். எங்கள் அப்பாவால் எந்த அடைப்பையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, நல்லவேளை அன்றைக்கு உங்கள் அணையைத் தனியாக அவர் பார்க்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். இல்ஸே வாய்விட்டுச் சிரித்தாள். ஷியாமளாவும் சிரித்தாள். ரகுநாதனும், சிரிப்பதற்கான ஏற்பாடுகள் அனைத்தையும் முகத்தில் செய்தார்.

சிரித்து முடித்தபிறகு இல்ஸேவுக்கு ஒரு யோசனை வந்தது. அப்படியானால் தண்ணீர் விஷயத்தில் நிபுணர் ஒருவர் இங்கேயே இருக்கிறாரே. அவரைக் கேட்டாள்: அந்த அடைப்பு தானாக உடைந்திருக்க வாய்ப்பு உண்டா?

ரகுநாதன் தண்ணீர் குடித்தார். கிழவருக்கும் நல்லது, தனக்கும் நல்லது, யாருக்கும் கெடுதல் இல்லை. கடவுளே வந்து தட்டில் வைத்துப் பரிமாறினாலும் இப்படிப் பொருத்தமாக அமையாது. இருக்கலாம் என்றார். முந்தின வாரம் மழை பெய்திருந்தால் பின்னாலிருந்து அழுத்தம் கூடும், பலகை நெகிழும் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பிக்கை வந்தது. மழை பெய்ததா? ஆமாம், பெய்தது என்றாள் இல்ஸே. அவள் முகத்திலிருந்து ஏதோ ஒரு பாரம் இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. திரும்பியதும் கம்பெனியில் சொல்லுகிறேன், வால்டிஸை மறுபடி கூப்பிடச் சொல்லுகிறேன் என்றாள். ஏன் திரும்பிப் போகும்வரை காத்திருக்கவேண்டும்? வால்டிஸிடமே சொல்லிவிடலாம் என்று கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

வேண்டாம் என்று ரகுநாதன் சொல்வதற்குள் அந்த முனையில் யாரோ எடுத்துவிட்டார்கள். இல்ஸே தன் மொழியில் வேகமாகப் பேசினாள். நடுவில் 'துபாய்' வந்தது, 'எக்ஸ்பெர்ட்' மாதிரி ஏதோ வந்தது. பிறகு அவள் குரல் உடைந்தது. மன்னிப்புக் கேட்கிறாள் என்று மேஜையைச் சுற்றியிருந்த மூவருக்கும் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை ரகுநாதனிடம் நீட்டினாள். உங்கள் வாயால் இரண்டு வார்த்தை சொல்லுங்கள், அவருக்கு ஆங்கிலம் தெரியாது, நான் மொழிபெயர்த்துச் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

அவர் போனை வாங்கிக் காதில் வைத்தார். தூரத்தில் ஒரு நாய் குரைத்தது. வயதான ஒருவர் மூச்சு வாங்குவது கேட்டது. கரகரத்த குரலில் ஒரே ஒரு சொல் வந்தது.

"பல்தியெஸ்."

திட்டியிருந்தால் ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. அந்த மொழியில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான்.

ரகுநாதன் நாற்காலியைவிட்டு எழுந்தார். வாயைத் திறந்தபோது அவருக்கு ஆங்கிலம் வரவில்லை.

"ஐயா, அது தானா உடையலைங்க" என்றார். "நான்தான் எடுத்தேன். அடைப்புன்னு நெனச்சு எடுத்தேன். உங்களைத் திட்டும்போது நான் அங்கதான் நின்னுட்டிருந்தேன். பாத்துட்டேதான் நின்னேன்."

அந்த முனையில் கிழவர் மறுபடியும் பல்தியெஸ் என்றார். ஷியாமளாவின் கையிலிருந்த சாம்பார்க் கரண்டி தட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் நின்றுவிட்டது. இல்ஸே ஈரமான கண்களோடு புன்னகைத்தபடி, மொழிபெயர்க்கத் தயாராக, சம்யுக்தாவின் பக்கம் திரும்பினாள். உன் அப்பா அழகாக ஏதோ சொன்னார் போலிருக்கிறது, என்ன சொன்னார் என்று கேட்டாள்.

சம்யுக்தாவின் கையில் ஊக்கு இன்னும் பிரிந்தபடியே இருந்தது. அவள் அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்ட அவருக்கு நேரம் இருந்தது, ஆட்டவில்லை. இடது கையால் வலது காதோடு போனைப் பிடித்திருந்த ரகுநாதனின் வலது கை, மார்பின் குறுக்கே மெல்ல எழுந்து, இடது காதைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் சொடக்கு விட்டது.